ஆயிரத்து நானூற்று இரண்டு நாள்

சற்குணத்தின் வீட்டிலிருந்த பழைய லேப்டாப் ஆயிரத்து நானூற்று இரண்டு நாளாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது அறுநூற்றுப் பத்து நாள்தான். இரண்டிலும் மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடக்கூடிய லினக்ஸ். இரண்டும் செய்கிற உருப்படியான வேலை என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் வாங்கி, ரீஸ்டார்ட் கேட்குமே என்று புது அப்டேட்கூடப் போடாமல் நாட்களை எண்ணுகிறவர்கள் நாங்கள். சற்குணம் தினமும் எங்கள் அலுவலகத்துக்குள் நுழையும்போதே, யாரும் கேட்காமல், அன்றைய கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவான்.

நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேட்டரி செத்த அந்த லேப்டாப் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அதற்கு கரண்ட் போகும் சுவிட்ச் சுவரில், என் தோளுக்குப் பக்கத்தில். அவன் காபி போட உள்ளே போனதும் என் விரல் அதை அணைத்துவிட்டது.

காபியோடு வந்தவன் கருத்துப்போன திரையைப் பார்த்து நின்றான்.

"தெரியாம கை பட்டுருச்சுடா," என்றேன். அவன் முகம் வாடுவதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்பாடா. இனிமே வீடு மாத்தலாம். நல்ல வீடா ரெண்டு வந்துச்சு. இதைக் கழட்டணுமேன்னு வேண்டாம்னுட்டேன்."

பிறகு கேட்டான். "உன்னுது எவ்வளவு?"

"அறுநூத்திப் பத்து."

"பாவம்டா நீ," என்றான். கிண்டலே இல்லை.

வீட்டுக்கு வந்து என் சுவிட்சில் விரலை வைத்தேன். அதே விரல்தான். அழுத்த வரவில்லை.

இன்று காலை அவன் வீடு பார்க்கப் போயிருக்கிறான். எனக்கு அறுநூற்றுப் பதினொன்று.