நறுமுகைக்கு ஒரு நடுப்பெயர்

மகளுக்கு நறுமுகை என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். நடுப்பெயர் இல்லாமல் டிஸ்சார்ஜ் கிடையாது என்று நர்ஸ் ஒரு கணினித் திரையைக் கட்டிலில் மாட்டினாள். பெயரைச் சொன்னால், நாளை அதைக் கேட்கப்போகும் டீச்சர், ஹவுஸ் ஓனர், பேங்க் மேனேஜர் முகமெல்லாம் எப்படிப் போகும் என்று அது காட்டும்.

"நறுமுகை யாழினி," என்றேன். திரையில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் அம்மாவின் பெயரான மாரியாயியைச் சேர்த்துச் சொன்னேன். ஹவுஸ் ஓனர் முகம் சுளித்தார்.

"அதுவே ஒண்ணு சொல்லுது பாரு," என்றான் என் கணவன் செழியன்.

நறுமுகையோடு அவன் அப்பாவின் சாதிப் பெயரைத் திரை தானாகவே சேர்த்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டதற்காக அவனைத் தலைமுழுகிய மனுஷன் அவர். அந்தப் பெயரைக் கேட்டதும் திரையில் அத்தனை முகங்களும் மலர்ந்தன. மேனேஜர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் நர்ஸ் பக்கம் திரும்பினேன். "சிஸ்டர், அந்தக் கருமத்தை அணைச்சுத் தொலைங்க."

நர்ஸ் அணைத்தாள்.

"கோவப்படாத. பாப்பாவோட நல்லதுக்குத்தான சொல்லுது," என்றான் செழியன்.

திரும்பிப் பார்த்தேன். திரையில் இருந்த அதே சிரிப்பு அவன் முகத்தில் அணையாமல் இருந்தது.