விரிப்பின் மறுமுனை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இருவர் இருவராகத்தான் மடிப்பார்கள். மற்றவர்கள் கிழிந்த விரிப்புகளை ஒளித்து வைப்பதை மேற்பார்வையாளரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று, கூடத்தில் மூத்தவளான பெரியக்காவின் மேல் பழி விழுந்தது. அன்றிலிருந்து அவளோடு யாரும் மடிக்கவில்லை, முகம் கொடுத்தும் பேசவில்லை.

போட்டுக்கொடுத்தது பெரியக்கா இல்லை என்று அதே கூடத்தில் மடிக்கும் கண்ணாடிக்காரிக்குத் தெரியும். சொன்னால் தன்னையும் ஒதுக்கிவிடுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் பெரியக்கா விரிப்பைத் தரையில் இழுபடவிட்டுத் தனியாக மடித்தாள். நான்காவது வாரம், திங்கட்கிழமை காலை, அவளுடைய விரிப்பின் மறுமுனை இடுப்பளவுக்கு எழும்பி நின்றது. அங்கே யாரும் இல்லை. மூலையும் மூலையும் பிசகாமல் சேர்ந்தன. எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி இருந்தார்கள். அதுதான் பழகிப்போயிருந்ததே.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்காரிக்குப் பொறுக்கவில்லை. கைவேலையைப் போட்டுவிட்டுப் போய் அந்த மறுமுனையைப் பற்றினாள். துணிக்கடியில் விரல்கள் தட்டுப்பட்டன. அவை விட்டுக்கொடுக்கவில்லை.

“நான் பிடிக்கிறேன்க்கா. நீங்க சொல்லலைன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்பவேவா?” என்றாள் பெரியக்கா. குரலில் கோபமே இல்லை. “இருக்கட்டும்மா. இங்க ஆள் இருக்கு.”

கண்ணாடிக்காரி தன் இடத்துக்குத் திரும்பி வந்தபோது, அவளோடு மடிக்கும் ஜோடி இஸ்திரிக்காரியைச் சேர்த்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் நிமிரவில்லை. கண்ணாடிக்காரி ஒரு விரிப்பை எடுத்து உதறி, இரண்டு மூலைகளையும் பிடித்தபடி நின்றாள். வேலை முடியும் மணி அடிக்கும்வரை அதன் மறுமுனை தரையிலேயே கிடந்தது.