எல்லாம் நயம்

மதராஸ் மலிவுக்கடைக் கொம்பனி ஒன்று சாவகச்சேரியில் ஒரேயொரு கடையைத் தன் கிளையாக எடுக்கப்போகிறது. அது கிடைக்காவிட்டால் தன் பலசரக்குக் கடையைப் பூட்டவேண்டியதுதான் என்பது இராசமலருக்குத் தெரியும். மதராஸ் அதிகாரி உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்து கும்பிட்டாள்.

“பருப்பு நயமாம்மா?”

“ஓம் ஐயா, நல்ல நயம்.”

“அரிசி?”

“அதுவும் நயம்தான். இந்தச் சந்தையிலை என்னைவிட நயமாய் ஒருத்தரும் குடுக்கமாட்டினம்!”

அதிகாரியின் முகம் சுருங்கியது. விலையைக்கூடக் கேட்காமல் கும்பிட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அந்தக் கடைக்கார நேசையா எதற்கும் யானை விலை சொல்பவர். இராசமலர் வாசலில் நின்று பார்த்தாள்.

அதிகாரியின் கார் புறப்பட்டதும் நேசையா ஓடி வந்தார்.

“பிள்ளை, கிளை எனக்காம்!”

“உங்களுக்கோ? என்னத்தை அண்ணை புளுகினனீங்கள்?”

“கர்த்தர் அறிய உண்மைதான் சொன்னனான். ‘ஒண்டும் நயமில்லை ஐயா’ எண்டன். ‘அப்பாடா, எங்களுக்கு மலிவுச் சரக்குதான் வேணும், அந்தம்மா கடையில எல்லாமே ஒசத்தி’ எண்டு கையைப் பிடிச்சுக் குலுக்கினார். பிறகுதான் எனக்கு விளங்கினது. நாங்கள் மலிவைத்தானே நயம் எண்டுறம்? மதராசிலை முதல்தரத்தை அப்பிடிச் சொல்லுறவையாம், பிள்ளை!”