பிளக் இல்லாத கார்

"அவன் இருக்கிற இடத்துல கரண்ட் உண்டோ இல்லையோ, யார் கண்டா?" என்றாள் அக்லாயா. வெள்ளைக் காருக்குச் சார்ஜ் போடுகிற துளையை, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் மட்டும் அங்க ஆறா ஓடுதாக்கும்" என்றார் அவள் கணவர் தோடெர்.

ஹோரியா சிரிப்பை அடக்கிக்கொண்டான். பகாவு நகரத்துக் கார் ஷோரூமில் அவனுக்கு விற்பனை வேலை. இந்தத் தம்பதி இரண்டு வருஷமாக வந்து போகிறார்கள், ஒரே பிள்ளை லிவியுவுக்கு ஒரு சின்னக் கார் வாங்க.

தோடெருக்கு முழு மின்சாரக் கார்தான் வேண்டும். புகையில்லை, பெட்ரோல் செலவில்லை. அக்லாயாவுக்கோ பக்கத்தில் நிற்கிற சிவப்பு மைல்டு ஹைப்ரிட்; பெட்ரோலில் ஓடும், சின்னதாக ஒரு பேட்டரி கைகொடுக்கும். ஒவ்வொரு தடவையும் பேச்சு முற்றி, ஆளுக்கொரு வாசலாக வெளியேறுவார்கள். லிவியு மட்டும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டே, எதுவானாலும் சரி என்பான்.

இன்றைக்குப் பையனைக் காணோம். அவனால் வர முடியாது என்றார் தோடெர். இன்றே முடிவு செய்தாக வேண்டும், சனிக்கிழமை காலையில் வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும், பாதிரியார் வருகிறார் என்றார். புது வண்டிக்குப் பாதிரியார் தீர்த்தம் தெளிக்காமல் ஊரில் யார்தான் சாவியைத் திருகுகிறார்கள்? ஹோரியா தலையாட்டினான்.

"தம்பி எங்க இருக்கார் ஐயா, இத்தாலியா?" என்று கேட்டான். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான்.

"இன்னும் தள்ளி."

"நார்வேயா? அப்ப கவலையே வேண்டாம். அங்க எல்லாம் கரண்ட் வண்டிதான்."

"அதுக்கும் தள்ளி" என்றார் தோடெர். "போற வழியெல்லாம் சுங்கச்சாவடியாம். ஒண்ணு விடாம நிறுத்துவானாம். கிளம்பறப்ப கையில சில்லறை வெச்சுத்தான் அனுப்பினோம்."

அந்தக் காலத்து மனிதர், கார்டைத் தேய்த்தால் போதும் என்பது தெரியாது என்று நினைத்துக்கொண்டான் ஹோரியா.

"எதுல போனான்னு கேளு" என்றாள் அக்லாயா. "எவனோ ஒருத்தன் மோட்டார் பைக்குல. அதுவும் மழையில. சிவப்பா வெள்ளையான்னு நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு நின்னோம். எம்புள்ள இரவல் வண்டியில போனான்."

தோடெர் வெள்ளைக் காரின் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

ஹோரியா தன் வழக்கமான கேள்விகளுக்கு வந்தான். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவார்? தெரியாதாம். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவார்? அதுவும் தெரியாதாம். பெற்ற பிள்ளையிடம் ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிந்தது என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"சரிம்மா, குளிராவது எப்படி? குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கிடும், அதுக்காகக் கேக்கறேன்."

"குளிராத்தான் இருக்கும்" என்றாள் அவள். "அதை நினைச்சாத்தான் ராத்திரியில கண்ணை மூட முடியல." சிவப்புக் காரின் பக்கம் நகர்ந்தாள். "இந்தச் சின்ன பேட்டரிக்கு எங்கப்பா சார்ஜ் போடறது?"

"இதுக்குப் பிளக்கே கிடையாதும்மா. பிரேக் போடப் போட, தானா ஏறிக்கும்."

"யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாமா?"

"தேவையே இல்ல."

"புது இடம். அங்க அவனுக்கு யாரைத் தெரியும்" என்றாள் அக்லாயா. காரின் கூரையை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். "பெட்ரோலை நாமளே ரொப்பிக் குடுத்துடலாம். வழிய வழிய."

சண்டைக்கு வேளை வந்துவிட்டது என்று ஹோரியா ஓரடி பின்னால் நகர்ந்தான். தோடெர் வெள்ளைக் காரின் கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.

"சிவப்பே இருக்கட்டும்."

"ஏ மனுஷா, என்ன சொன்னே?"

"சிவப்பே இருக்கட்டும்னேன். இந்த ஒரு வார்த்தையை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

அவள் குத்திக்காட்டுவாள் என்று ஹோரியா எதிர்பார்த்தான். அவளோ கணவரின் மடங்கிக் கிடந்த சட்டைக் காலரை எடுத்துவிட்டாள். "நானும்தான் வெள்ளைன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

எப்படியோ முடிந்ததே என்று ஹோரியா மேஜைக்குப் போய்ப் பேனாவை எடுத்தான். வண்டி லிவியு பெயரில்தானே என்று கேட்டான். இல்லை, நெக்குலாய் என்று எழுதச் சொன்னாள் அக்லாயா. அடுத்த வீட்டுப் பையனாம். லிவியுவின் வயது, லிவியுவின் உயரம். தேடித் தேடி அவனைத்தான் பிடித்தார்களாம். அவனும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டானாம்.

ஹோரியா பேனாவைக் கீழே வைத்தான்.

"என்னம்மா இது? இவ்வளவு பார்த்துப் பார்த்து உங்க பிள்ளைக்கு வாங்கிட்டு, வண்டியை அடுத்த வீட்டுக்காரனுக்குக் குடுப்பாங்களா?"

அக்லாயா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உயிரோட இருக்கிற ஒருத்தன் கையில குடுத்தாத்தானே அங்க அவனுக்குப் போய்ச் சேரும். செத்துப்போன பிள்ளைக்கு வேற எப்படிப்பா குடுக்கிறது?"