நடுக்கோட்டில் நின்ற குமிழ்

இதை முதன்முதலில் சொன்னவள், அந்த ஒலிக்கருவிக் கடைக்காரரின் மனைவிதான்.

மாதக் கடைசி. கடை வாடகை ஏற்கெனவே பாக்கி. அன்றைக்குப் பார்த்து, தமது பழைய ஆம்ப்ளிஃபயரை மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் நடுவர்.

நடுவர் என்பது பட்டப்பெயர். பாட்டுப் பிரியர்கள் கூடுமிடத்தில், எந்தக் கருவி உசத்தி என்று காதால் கேட்டே தீர்ப்புச் சொல்பவர். புதிய கருவி எதையும் அவர் மதித்ததில்லை. தம்முடையதிலும், ஒலியின் கூர்மையை ஏற்றி இறக்கும் குமிழை நடுக்கோட்டை விட்டு அசைக்க மாட்டார். அசைத்தால் அது பாட்டுக்குச் செய்யும் துரோகமாம்.

அப்பேர்ப்பட்டவர் அன்று நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

“பாட்டு மங்கிப் போச்சுப்பா. ‘இந்தக் கிழட்டுச் சாமானைக் கடாசிட்டுப் புதுசு வாங்குங்க மாமா’ங்கிறார் மாப்பிள்ளை. இனிமே அவர் சொல்றதுதான் சரியோ என்னமோ.”

கல்லாவில் இருந்தவளின் மனம் கணக்குப் போட்டது. அலமாரியிலிருக்கும் புதியவற்றுள் ஒன்று விலைபோனால் போதும், வாடகை பாக்கி தீரும்.

கணவரோ பழையதைத் தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாடவிட்டார். கணீரென்று பாடியது, அவளுக்கே கேட்டது. பிறகு, கல்லாவிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, அந்தக் குமிழைக் கழற்றினார். உள்ளிருந்த தண்டைக் கூர்மை ஏறும்படி சற்றே வலப்பக்கம் திருப்பினார். குமிழின் கோடு மட்டும் பழையபடி நடுவில் நிற்குமாறு மாட்டினார். அவ்வளவுதான் வேலை.

வெளியே வந்து, உள்ளே இரண்டு பாகங்கள் செத்துப்போயிருந்தன, மாற்றிவிட்டேன் என்று கூசாமல் சொன்னார். கூலியாக இரண்டாயிரத்து நானூறு ரூபாய் என்று ஒரு பெருந்தொகையும் கேட்டார்.

நடுவர் கண்மூடிப் பாட்டைக் கேட்டார். முகம் தெளிந்தது.

“பார்த்தியா? மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்றவர், பேரம் பேசாமல் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “வயசானவர்கிட்டயா உங்க கைவரிசையைக் காட்டணும்?”

“அசதியா இருக்கு. அப்புறம் பேசலாம்.” அவர் முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கல்லாவைத் திறந்தால், அந்தப் பணத்தைக் காணோம். எந்த ஓட்டையை அடைக்கப் போயிற்றோ! இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனிதரா இவர்! வாடகைக்கென்று தான் சிறுகச் சிறுகச் சேர்த்ததிலிருந்து அதே தொகையை எடுத்துக்கொண்டு நடுவர் வீட்டுக்கு நடந்தாள்.

உள்ளறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த நடுவரின் மனைவியிடம், அவள் நடந்ததைச் சொல்லிப் பணத்தை நீட்டினாள். அந்த அம்மாள் அவள் விரல்களைப் பணத்தோடு சேர்த்து மூடினார்.

“மெதுவாப் பேசும்மா. கருவி நல்லாத்தான் இருந்துச்சு. அவருக்குத்தான் காது மந்தமாயிட்டு வருது. தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சுபோயிடுவார். புதுசுல அந்தக் குமிழே கிடையாதாமே? வாங்கியிருந்தா, அதுவும் மங்கலாக் கேட்டு, உண்மை வெளியில வந்திருக்கும். சும்மா செஞ்சு கொடுத்தாலும் சந்தேகப்படுவாருன்னுதான் உன் வீட்டுக்காரர் கூலி கேட்டிருக்கார்.”

அவள் மறுபடியும் பணத்தை நீட்டினாள்.

“கடையைப் பூட்டின கையோட, நேத்தே வந்து எல்லாத்தையும் என்கிட்டச் சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாரும்மா, இரண்டாயிரத்து நானூறு.”