மிளகளவு வெள்ளை

"இத இன்னா, புழு துன்னுட்ச்சா?"

தேவசேனா மேடத்தின் விரல் கான்வாஸைத் தொடாமல், அதற்கு மேலே ஒரே இடத்தில் நின்றது.

பிளெஸ்ஸி குனிந்து பார்த்தாள். நீண்ட ஓலை. இருபுறமும் சீப்புப் பல் போல ஒல்லி இலைகள். இடப்பக்கம் ஏழாவது இலையில் மட்டும் மிளகளவு வெள்ளை. பச்சை அதுவரை வந்து, இரண்டாகப் பிரிந்து, அதைச் சுற்றிக்கொண்டு அப்பால் போயிருந்தது.

மூன்று வாரம் அந்தப் படத்தோடு இருந்தவள் இப்போதுதான் அதைப் பார்க்கிறாள்.

தேவசேனா நகரிக்காரர். திருப்பதியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறவர். துறையின் புதுக் கூடத்துக்கு மலையில் வளரும் பன்னிரண்டு செடிகளின் படம் வேண்டுமென்றார். முதலாவது இந்தப் பேரிதா. இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் முளைக்காத செடி.

இது தேறினால் மற்ற பதினொன்றும் பிளெஸ்ஸிக்கு. தேறாவிட்டால் நாளைக் காலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற டாட்டூ கடையைத் திறந்து, மறுபடி சங்கு சக்கரம், மறுபடி காதலர் பெயர்.

தொழிலில் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் வரைந்ததெல்லாம் வரைந்த அன்றே கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறது. ஒன்றாவது சுவரில் நிற்கட்டும் என்றிருந்தது.

"எலைக்கு ஒரே நரம்பு, கரெக்டா போட்டுக்கீறே. ஓரம் கீழ மடங்குது, அதுவும் சரி. மத்தவங்கள்லாம் தென்னங்கீத்த வரஞ்சி எடுத்துனு வந்து நிப்பாங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா புழு துன்னா ஓரம் காஞ்சி பழுப்பா இருக்கணுமே?"

புழுதான் என்று சொல்லிவிடலாம். சுற்றிலும் கொஞ்சம் பழுப்பு இழுத்தால் முடிந்தது. ஆனால் வாய் வரவில்லை. பொய் என்பதால் அல்ல. அது என்னவென்று அவளுக்கே தெரியவேண்டியிருந்தது.

இன்னும் குனிந்தாள். பச்சை பிரிந்திருக்கிற விதம் பழக்கமானதாக இருந்தது.

"மச்சம், மேடம்."

"செடிக்கா?"

மச்சத்தின் மேல் ஊசி இறங்கக்கூடாது. தொழிலில் முதல் பாடம் அது. கோடு பக்கத்தில் போனதும் கை தானாக விலகிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள், காரணம்தான் வேறு. "அக்கா, புட்டுமச்சா பத்திரம், டென்த் சர்டிபிகேட்ல இருக்குது." அங்க அடையாளம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்த மச்சத்தை மூடிவிட்டால், நான்தான் நான் என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

அதைச் சொன்னதும் மேடம் சிரித்துவிட்டார். "எனக்கும் ரெண்டு எழுதிக்கீறாங்க. அதுல ஒண்ண இன்னிக்கும் தேடிக்கினு இருக்கேன்."

பிளெஸ்ஸியும் தேடிக்கொண்டிருந்தாள். கை விலகியிருக்கிறது என்றால் அங்கே யாரோ இருந்திருக்கவேண்டும். யார்?

முகங்கள் மறந்துவிடும். மச்சங்கள் மறப்பதில்லை. புத்தூர் மாப்பிள்ளையின் தோளில் எள்ளளவு. நர்ஸ் ஒருத்தியின் கணுக்காலில் ஒட்டினாற்போல இரண்டு. ரேணிகுண்டா டிரைவரின் மார்பில் முடி முளைத்த ஒன்று, அவன் அதை அதிர்ஷ்டம் என்றான். எதுவும் இந்த அளவில் இல்லை, இந்த இடத்தில் இல்லை.

கான்வாஸை மேசையில் படுக்கவைத்தாள். நிறுத்திவைத்து வரைய அவளுக்கு வராது, ஆளைப் படுக்கவைப்பது போலப் படுக்கவைத்துத்தான் வரைவாள். இடது உள்ளங்கை தன் இடத்துக்குப் போய் அழுத்திக்கொண்டது. தோலை இழுத்துப் பிடிக்கிற பழக்கம். துணிக்கு அது வேண்டாம் என்று கைக்குத் தெரியவில்லை.

அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, ஆளு கெடச்சிட்டாங்களா?"

"கெடச்சிட்டாங்க மேடம்."

"இன்னா குத்திவுட்டே அவங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. அவங்க குத்திக்கினதே இல்ல. வூட்ல ஒத்துக்கல."

"அவங்களுக்கு ஆசை இருந்துச்சா?"

பிளெஸ்ஸி தூரிகையைக் கையில் எடுத்தாள்.

"இருந்துச்சின்னு இப்பத்தான் தெரியுது."

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அவங்க ஆசைய அவங்க கையில வரஞ்சிக்கட்டும். பேரிதாவுக்கு மச்சம் கெடையாது. நாளைக்குப் பசங்க இதப் பாத்துப் படிக்கணும். மூடிடு, மீதி பதினொண்ணும் நீயே போடு."

பிளெஸ்ஸி பச்சையைக் குழைத்தாள். வர்ணம் படாமலிருக்க, சுடிதாரின் முழுக்கையை இடதுபக்கம் முழங்கை வரை சுருட்டிவிட்டாள். உள்ளங்கையை மறுபடி கான்வாஸில் அழுத்தினாள்.

மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே ஒரு மச்சம் இருந்தது. மிளகளவு. அதைச் சுற்றி முழங்கை வரை வெறும் தோல். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

மேடம் கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"ஊருக்கே குத்திவுடறவ நீ. ஒண்ணுகூடவா இல்ல?"

"நைனா சித்தூர்ல சர்ச்சு சபை மூப்பரு மேடம். கடை தெறக்கசொல்லோ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. யாரு உடம்புல வேணும்னாலும் எழுதிக்கோ, உன் உடம்புல வேணாம்னு. பதினோரு வருஷம் ஆச்சு."

இருக்கட்டும், அப்படியே விட்டுடு என்று சொல்லத்தான் மேடம் வாயெடுத்தார்.

அதற்குள் ஏழாவது இலை முழுசாகிவிட்டது.