ஒரு சைக்கிள் நீள இடைவெளி

எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்க ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார். பின்னால் ஒட்டி வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம்.

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து, கணவனும் மனைவியும் மட்டும் கிளம்பிய கடலோரப் பயணத்தில் அது ஆறாவது நாள். காலையிலிருந்து அவனே முன்னால் போனான். ஆனால் மூச்சு வாங்கியது அவளுக்குத்தான். அவன் முதுகில் வியர்வையே இல்லை. தனக்கு முன்னே இன்னொரு சைக்கிளின் சக்கரம் ஓடுவதைக் கவனிப்பவன் போலக் குனிந்து தரையையே பார்த்தபடி போனான்.

“என்னங்க, மோட்டார் கீட்டார் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?”

“உனக்கு வயசாயிடுச்சுடி.”

“அப்ப நான் முன்னாடி போறேன், வழி விடுங்க.”

விட்டான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு சைக்கிள் நீளம் தள்ளி வந்துகொண்டிருந்தான்.

“ஒட்டி வாங்க. காத்து அடிக்குதுல்ல?”

“ஒட்டித்தானே வர்றோம்.”

ஏற்றம் தொடங்கியது. களைத்தவரின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவதும் ஒரு முறைதான். அவன் ஒரு கையை நீட்டி, இருவருக்கும் நடுவில் யாருமில்லாத அந்த இடைவெளியில், ஒரு முதுகின் உயரத்தில் உள்ளங்கையை விரித்து, மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தான்.

ஆறு நாளில் எந்த ஏற்றத்திலும் அவளை அவன் அப்படித் தள்ளியதில்லை.